பிலிப்பைன்ஸ் கிராமத்து ஃபியஸ்டாவில் வெளிநாட்டு விருந்தாளிகள் செய்யும் தவறுகள்

பிலிப்பைன்ஸில் ஊர்த் திருவிழாவை ஃபியஸ்டா என்பார்கள். தகலோக் மொழியில் அது 'பிஸ்தா' (நாம் கொறிக்கும் பருப்பு இல்லை). தெருவில் நடப்பது அதில் பாதிதான். மீதிப் பாதி வீடுகளுக்குள், சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பலர் ஊர்வலத்தைப் படம் பிடித்துக்கொண்டு மத்தியானமே பஸ் ஏறிவிடுகிறார்கள். கல்யாணத்துக்குப் போய்ப் பந்தலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது மாதிரிதான் இது.

குழப்பம் ஊரைத் தேர்ந்தெடுப்பதிலேயே ஆரம்பிக்கிறது. இணையத்தில் தேடினால் செபுவின் சினுலோக், பக்கோலோடின் மஸ்கரா போன்ற நகரத்து விழாக்கள்தான் முதலில் வரும். பார்க்க அருமையானவைதான். ஆனால் மஸ்கரா 1980-இல் நகரத்தாரின் சோர்வைப் போக்கத் தொடங்கப்பட்ட கொண்டாட்டம். எந்தப் புனிதரின் திருநாளும் அல்ல. கிராமத்து ஃபியஸ்டா வேறு. ஸ்பானியர் காலத்திலிருந்து ஒவ்வொரு ஊருக்கும் பாதுகாவலராக ஒரு புனிதர் உண்டு. ஊருக்குள் இருக்கும் பரங்காய் என்ற சிறு பிரிவுகளுக்கும் தனித்தனிப் பாதுகாவலர், தனித்தனித் தேதி. அதனால் ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். எந்தப் பரங்காய், எந்த நாள் என்று அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

மே 15 உழவர்களின் பாதுகாவலரான புனித இசிதோரின் திருநாள். கெசோன் மாகாணத்தின் லுக்பன் ஊரில் அன்று வீட்டு முகப்பெல்லாம் நெற்கதிர், காய்கறி, அப்புறம் 'கிப்பிங்' எனப்படும் வண்ண அரிசி அப்பளங்களாகத் தொங்கும். அன்று காலையில் போய் இறங்கினால் சாலை அடைத்திருக்கும், தங்க அறையும் கிடைக்காது. முந்தின நாளே போய்விடுங்கள். 'பிஸ்பெராஸ்' என்கிற அந்த முன்னிரவு சமையலும் கலகலப்புமாகத் தனி அழகு. ஒன்று, தொங்குவதைப் பறிக்காதீர்கள். வீட்டுக்காரர்களே கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். வாசலில் நிற்கிறீர்கள், உள்ளேயிருந்து யாரோ "காயின் தாயோ!" என்கிறார்கள். சாப்பிடலாம் வாங்க என்று அர்த்தம். இங்கே இரண்டு விதமாகத் தப்பு நடக்கும். ஒருவர், யார் கூப்பிட்டாலும் போகலாமாமே என்று அழைக்காத வீட்டுக்குள்ளும் கேமராவோடு நுழைந்துவிடுவார். இன்னொருவர் சங்கடப்பட்டு, "பரவாயில்லை, சாப்பிட்டாச்சு" என்று நழுவுவார். இரண்டாவதுதான் வீட்டுக்காரர்களுக்கு அதிகம் உறுத்தும். தெரிந்த ஒருவரோடு போவது நல்லது. தங்கியிருக்கும் விடுதிக்காரரோ உடன் வேலை செய்பவரோ போதும். நண்பரின் நண்பராகப் போய் உட்காருவது அங்கே சகஜம்.

உட்கார்ந்தபின் முதல் வீட்டிலேயே வயிறு முட்டச் சாப்பிடுவது அடுத்த தவறு. இன்னும் மூன்று வீட்டில் கூப்பிடுவார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு வாய் சாப்பிட்டால்தான் தாக்குப்பிடிக்க முடியும். 'லெச்சோன்' என்ற முழுப் பன்றி வறுவலில் மொறுமொறு தோலுக்குத்தான் போட்டி. அதை மட்டும் உரித்து எடுத்துக்கொள்ளாதீர்கள். தட்டில் மிச்சம் வைப்பதும் வேண்டாம். இந்த ஒருநாள் விருந்துக்காக மாதக்கணக்கில் சேமிப்பவர்கள் உண்டு, கடன் வாங்குபவர்களும் உண்டு. அதை யோசித்து, கிளம்பும்போது பணத்தை நீட்டினால் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். பழமோ கேக்கோ பெரிய குளிர்பான பாட்டிலோ போகும்போதே வாங்கிப் போங்கள்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் வெறுமனே "வெஜிடேரியன்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கறித்துண்டுகளை ஒதுக்கிவிட்டு மீதியைப் பரிமாறுவார்கள். அவர்கள் கணக்கில் அது சைவம். 'பன்சித்' நூடுல்ஸில் பன்றியும் இறாலும் கிடக்கும். காய்கறிக் கூட்டு போலிருக்கும் 'பினாக்பெத்'தில் இறால் அல்லது மீன் புளிக்க வைத்த விழுது இருக்கும். சாக்லேட் நிறக் குழம்பாகத் தெரியும் 'தினுகுவான்' பன்றி ரத்தத்தில் செய்தது. மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் 'கால்தெரெத்தா'வில் போட்டிருப்பது ஆடா மாடா என்று கேட்டுவிடுங்கள். "பவால் போ ச ஆக்கின்" (எனக்கு விலக்கு) என்று சொல்லி, எதுவெல்லாம் என்று கையால் காட்டினால் வற்புறுத்த மாட்டார்கள். வெறும் சோறு, பழம், தேங்காய்ப் பாலில் செய்த 'பிக்கோ' போன்ற இனிப்புகள் கைகொடுக்கும்.

பெரியவர்களிடம் கை குலுக்கப் போகாதீர்கள். அவர்கள் கையை மெல்லப் பிடித்து உங்கள் நெற்றியில் ஒற்றிக்கொள்ளுங்கள். "மானோ போ" என்பது அதுதான். வயதில் சற்று மூத்தவர்களை 'குயா' (அண்ணன்), 'ஆத்தே' (அக்கா) என்று கூப்பிட்டால் முகம் மலரும். அந்த மரியாதைச் சொல் 'போ' தகலோக் பேசும் பகுதிகளுக்கு உரியது. செபு பக்கம் அது பேச்சில் இல்லை.

மாலையில் ஆண்கள் குடிக்க உட்காருவார்கள். 'தாகாய்' என்றால் ஒரே கிளாஸ், ஊற்றுவதற்கு ஒரே ஆள், வரிசையாகச் சுற்றி வரும். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கதை பேசினால் மொத்த வட்டமும் காத்திருக்கும். குடிக்காதவர் முதல் சுற்றிலேயே சொல்லிவிட வேண்டும். நாலாவது சுற்றில் மறுத்தால்தான் பிரச்சினை. தென்னங்கள்ளைக் காய்ச்சி வடித்த 'லம்பனோக்' எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் தொடாதீர்கள். 2019 டிசம்பரில் லகுனா, கெசோன் மாகாணங்களில் மெத்தனால் கலந்த லம்பனோக் குடித்துப் பலர் இறந்திருக்கிறார்கள்.

கோயிலில் தோளை மூடி உடுத்துங்கள். கத்தோலிக்கர் அல்லாதவர்கள் நற்கருணை வரிசையில் போய் நிற்க வேண்டாம். பவனியின் குறுக்கே புகுந்து படம் எடுக்காதீர்கள். புலக்கான் மாகாணத்தின் ஒபாண்டோவில் மே 17 முதல் 19 வரை தெருவில் ஆடுகிறவர்களில் பலர் குழந்தை வரம் வேண்டி வந்தவர்கள். அந்த முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள்.

சேவல் சண்டை பார்க்கக் கூப்பிட்டால், அது உரிமம் பெற்ற களமா என்று கேளுங்கள். கொல்லைப்புறத்தில் நடக்கும் 'துபாதா' சட்டவிரோதம்.

இந்திய முகத்தோடு போகிறவர்களுக்கு ஒரு தகவல். சில ஊர்களில் உங்களைப் பார்த்ததும் "பும்பாய்" என்பார்கள். பம்பாய்தான் அப்படி மருவியது. ஐந்து கொடுத்து ஆறு வாங்கும் வட்டித் தொழிலில் வடஇந்தியர் பலர் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றுவதால் வந்த பழக்கம். கோபப்படாமல் "கடன் வசூலிக்க வரலை, சாப்பிட வந்தேன்" என்று சிரித்துச் சொன்னால் நாற்காலி தானாக வரும்.

கடைசி ஜீப்னி (ஊர்களுக்கிடையே ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப் மாதிரியான வண்டி) எத்தனை மணிக்கு என்பதை வந்து இறங்கியதுமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது வாசலில் இருப்பவரிடம் மட்டும் சொல்லிக்கொண்டு நழுவாமல், அடுப்படியில் நிற்கிறவர்களையும் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள். அதற்குள் அவர்கள் உங்களுக்கு ஒரு பொட்டலம் கட்டியிருப்பார்கள்.