சக்குலண்ட் வளர்ப்பு: மண் காயும் வேகம்தான் கணக்கு

சக்குலண்ட் (இலையிலும் தண்டிலும் நீரைச் சேமித்துவைக்கும் சதைப்பற்றான செடி) வாங்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றணும்?" இதற்கு நாள்கணக்கில் பதில் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். ரோஜாப்பூ வடிவில் இலை அடுக்கும் எச்சிவேரியா என்ற ஒரே செடி, மொட்டைமாடியில் சின்ன மண்தொட்டியில் இருந்தால் மூன்று நாளில் காய்ந்துவிடும். அறைக்குள் பீங்கான் கிண்ணத்தில் இருந்தால் மூன்று வாரம் ஆனாலும் அடிமண் ஈரமாகவே இருக்கும். தொட்டி, மண்கலவை, வெளிச்சம், காற்று ஆகிய நான்கும் சேர்ந்துதான் மண் எவ்வளவு சீக்கிரம் காயும் என்பதை முடிவுசெய்கின்றன. அந்த வேகம் சரியாக அமைந்துவிட்டால் தண்ணீர் கொஞ்சம் கூடக்குறைய ஆனாலும் செடி தாங்கிக்கொள்ளும். அமையாவிட்டால் அளந்து ஊற்றினாலும் அழுகும்.

காரணம் செடியின் உடலமைப்பிலேயே இருக்கிறது. மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்துவைத்து, மண்ணிலிருந்து உறிஞ்சிய நீரை ஆவியாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சக்குலண்டுகளில் பெரும்பாலானவை பகலில் துளைகளை மூடிவிடும். இரவின் குளிர்ச்சியில் திறந்து, கரியமில வாயுவை உள்ளே வாங்கி, மாலிக் அமிலமாக மாற்றிச் சேமித்து, மறுநாள் வெயிலில் அதைக்கொண்டு உணவு தயாரிக்கும். அதனால் நீர் இழப்பு மிகக் குறைவு. ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு: தொட்டியில் தேங்கும் ஈரத்தை இந்தச் செடி குடித்துத் தீர்க்காது. மண்ணும் தொட்டியும்தான் அதை வெளியேற்ற வேண்டும். மண்துகள்களுக்கு இடையே காற்று இருக்க வேண்டிய இடத்தில் நாள்கணக்கில் நீர் நின்றால், மெல்லிய வேர்கள் மூச்சுமுட்டிச் சாகும். செத்த வேர் வழியாகப் பூஞ்சை நுழையும். அதன்பிறகு தண்டு அழுக அதிக நாள் ஆகாது.

மண்ணும் தொட்டியும்

கடையில் "சக்குலண்ட் மண்" என்று விற்கும் பைகள் பலவற்றில் முக்கால்வாசி கோகோபீட்தான் (தேங்காய் நார்த்தூள்). அப்படியே பயன்படுத்தினால் ஈரம் நெடுநாள் நிற்கும். நாமே கலப்பதுதான் நல்லது. அடிப்படை அளவு: சொரசொரப்பான பொருள் இரண்டு பங்கு, கோகோபீட்டும் மண்புழு உரமும் சேர்த்து ஒரு பங்கு. சொரசொரப்பான பொருள் என்பது 2 முதல் 5 மி.மீ. அளவுள்ள பியூமிஸ் (எடை குறைந்த எரிமலைக்கல்), பெர்லைட் (சூட்டில் பொரிந்த வெள்ளை எரிமலைத் துகள்), உடைத்த செங்கல் துண்டு, கரடான ஆற்றுமணல் ஆகியவற்றில் எது கிடைக்கிறதோ அது. இரண்டு மூன்றைக் கலந்தாலும் சரி. செங்கல்லையும் மணலையும் கட்டாயம் சலித்துக்கொள்ளுங்கள். மாவுபோல் கீழே விழும் தூள் கலவைக்குள் போனால் இடைவெளிகளை அடைத்து, மணல் சேர்த்ததன் பயனையே கெடுத்துவிடும். கடல்மணலில் உப்பு இருக்கும், அது வேண்டாம். கோகோபீட்டிலும் உப்பு இருக்கலாம். இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகு சேர்க்கலாம்.

மழை அதிகமான இடத்திலும் அறைக்குள்ளும் சொரசொரப்பான பங்கை மூன்றாக்குங்கள். கடும் வெயில்படும் மாடியில் ஒன்றரையாகக் குறைக்கலாம். கலவை சரியா என்று பார்க்க, தொட்டியில் நிரப்பித் தண்ணீர் ஊற்றுங்கள். சில விநாடிகளில் கீழே வழிய வேண்டும். மேலே குளம்போல் நின்று மெல்ல இறங்கினால் இன்னும் கற்கள் சேர்க்க வேண்டும்.

தொட்டியின் அடியில் கூழாங்கல் அடுக்கு போட்டால் நீர் வடியும் என்று பரவலாகச் சொல்வார்கள். வடியாது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கற்களுக்கு நீர் எளிதில் இறங்குவதில்லை. கல் அடுக்குக்கு மேலேயே ஈரப்பட்டை நிற்கும். கற்கள் தொட்டியின் உயரத்தைத் தின்றுவிடுவதால் அந்த ஈரப்பட்டை வேருக்கு இன்னும் அருகே வந்துவிடும். துளையை ஒரு சின்ன வலைத்துண்டால் மூடினால் போதும். துளையே இல்லாத கண்ணாடிக் கிண்ணங்கள் படம் எடுக்கத்தான் ஆகும்.

சுடுமண் தொட்டி பக்கவாட்டிலும் ஈரத்தை வெளியேற்றும். தண்ணீர் ஊற்றக் கை துறுதுறுக்கும் ஆட்களுக்கு அதுதான் சரி. பிளாஸ்டிக் தொட்டி மெதுவாகக் காயும். அடிக்கடி கவனிக்க முடியாதவர்களுக்கும் கடும் வெயில் மாடிக்கும் அது பொருந்தும். எதுவானாலும் செடியின் அகலத்தைவிட 2 முதல் 3 செ.மீ. மட்டும் பெரியதாக இருக்கட்டும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரத்தோடு கிடந்து புளிக்கும்.

புதுச்செடி வந்ததும்

நர்சரியில் இருந்து வரும் செடியின் வேரைச் சுற்றிப் பெரும்பாலும் இறுகிய கோகோபீட் கட்டி இருக்கும். அதை அப்படியே புதுக்கலவையில் இறக்கினால் நடுவில் மட்டும் வேறொரு மண் நிற்கும்: காய்ந்தால் நீரை உள்ளே விடாது, நனைந்தால் காயாது. கட்டியை விரலால் உதிர்த்து, வேர்களில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். கருகிய வேரை வெட்டிவிட்டு, ஒருநாள் நிழலில் வைத்துக் காயத்தை ஆறவிட்டு நடுங்கள். அடியிலைகள் மண்ணைத் தொடாமல், மேலே அரை அங்குலம் சிறு கற்களைப் பரப்புங்கள். நட்டதும் தண்ணீர் ஊற்றக் கூடாது. நான்கைந்து நாள் பொறுங்கள். அறுந்த நுனிகள் ஆறுவதற்குள் ஈரம் பட்டால் அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். கற்களைப் பசைபோட்டு ஒட்டி விற்கும் தொட்டிகளும் உண்டு. அவற்றைப் பெயர்த்து எறிந்துவிடுங்கள்.

தண்ணீர்

ஊற்றினால் துளைவழியே வழியும்வரை ஊற்ற வேண்டும். பிறகு முழுதும் காயும்வரை தொடக் கூடாது. தினம் ஒரு மூடி, இரண்டு ஸ்பூன் என்று தெளிப்பதால் மேல்மண் மட்டும் நனையும், வேர் கீழே இறங்காது. இலைமேல் நீரைப் பீய்ச்சுவதும் வேண்டாம். ரோஜாப்பூ வடிவச் செடிகளின் நடுக்குழியில் நீர் நின்றால் குருத்து அழுகும்.

காய்ந்ததா என்று அறிய, மூங்கில் குச்சியை அடிவரை செருகி ஐந்து நிமிடம் கழித்து எடுங்கள். ஈரமாகவோ மண் ஒட்டியோ வந்தால் இன்னும் காத்திருக்கலாம். தொட்டியைத் தூக்கிப் பார்த்தே எடையில் கண்டுபிடிக்கப் பழகிவிட்டால் குச்சியும் தேவையில்லை. செடியும் சொல்லும்: எச்சிவேரியாவின் அடியிலைகள் லேசாகச் சுருங்கும், ஜேட் இலை தடிப்புக் குறைந்து வளையும், ஸ்நேக் பிளாண்ட் இலை நீளவாக்கில் மடங்கும், கள்ளியின் மடிப்புகள் ஆழமாகும். மண் காய்ந்து இந்த அறிகுறிகளும் தெரிந்தால் ஊற்றலாம். கொளுத்தும் நடுப்பகலில் மட்டும் வேண்டாம். சூடேறிய தொட்டியில் ஈரம் சேர்ந்தால் வேர் வெந்துபோகும். மாலை நல்லது.

கோகோபீட் முற்றிலும் காய்ந்து இறுகிவிட்டால், ஊற்றும் நீர் தொட்டியின் ஓரமாக ஓடி வெளியேறிவிடும். நனைந்ததுபோல் தெரிந்தாலும் வேர்ப்பகுதி வறண்டே இருக்கும். அப்போது தொட்டியை நீர்த்தட்டில் 20 நிமிடம் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட்டு, பிறகு நன்றாக வடித்துவிடுங்கள்.

கூழாங்கல்போல் தோன்றும், ஒரே ஒரு இலைஜோடி கொண்ட லித்தாப்ஸுக்கு விதியே வேறு. பூத்து முடிந்ததும் புது இலைஜோடி உள்ளே வளரும். பழைய ஜோடியில் உள்ள நீரை உறிஞ்சித்தான் அது வளர வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். பழைய இலை காகிதம்போல் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். பாவம் என்று ஊற்றியே பலர் இதைக் கொல்கிறார்கள்.

வெளிச்சம்

அறைக்குள் வைக்க ஹவோர்த்தியா, காஸ்டீரியா, ஸ்நேக் பிளாண்ட் ஆகிய மூன்றும் போதும். ஹவோர்த்தியா தன் சொந்த நிலத்திலேயே புதர்களின் நிழலில் வளர்வது, ஜன்னல் வெளிச்சம் அதற்குப் பழக்கமானதுதான். எச்சிவேரியா, செடம், கள்ளி வகைகளை வெயில் நேரடியாகப் படாத அறையில் வைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வெளிச்சம் போதாவிட்டால் தண்டு நீண்டு, இலைகளுக்கு இடையே இடைவெளி விழுந்து, செடி ஜன்னல் பக்கம் சாயும். நீண்ட தண்டு மறுபடி குட்டையாகாது. தலையை வெட்டி நடுவதுதான் வழி. விளக்கில் வளர்ப்பதென்றால் வெள்ளை எல்இடி விளக்கைச் செடிக்கு 20 முதல் 30 செ.மீ. மேலே கட்டி, நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரியவிடுங்கள்.

நிழலில் இருந்த செடியைத் திடீரென வெயிலில் வைத்தால் ஒரே நாளில் வெளுத்த, பழுப்பு நிறத் தழும்புகள் விழும். அவை ஆறாது, அந்த இலை உதிரும்வரை தழும்பு இருக்கும். முதல் மூன்று நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு சிறிது சிறிதாகக் கூட்டி இரண்டு வாரத்தில் பழக்குங்கள். கோடையில் பிற்பகல் வெயிலுக்கு 50% நிழல்வலை கட்டுவது நல்லது. இலை விளிம்பு சிவப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது வெயிலுக்கு எதிராகச் செடி உண்டாக்கும் நிறமி. இலைமேல் படிந்திருக்கும் சாம்பல்நிற மெழுகுப்பொடியையும் தூசி என்று துடைக்காதீர்கள். அதுதான் செடியின் குடை, துடைத்த இடத்தில் திரும்ப வராது.

வெளியே, தரையில்

தரையில் நடுவதானால் பாத்தியைச் சுற்றுத்தரையைவிட 20 செ.மீ. உயர்த்தி, ஒருபக்கம் லேசாகச் சரித்து அமையுங்கள். களிமண்ணில் குழிதோண்டி அதில் மட்டும் நல்ல கலவையை நிரப்புவது ஆபத்து. சுற்றிலும் உள்ள மழைநீர் அந்தக் குழிக்குள்தான் வந்து தேங்கும். தொடர்மழைக் காலத்தில் ஒளிபுகும் தகட்டால் கூரை போடுங்கள், பக்கங்களைத் திறந்தே விடுங்கள். ஓரிரு மழை எதையும் செய்யாது. வாரக்கணக்கில் வெயில் இல்லாமல் ஈரக்காற்று நிற்பதுதான் கெடுதல்.

35 டிகிரிக்கு மேல் ஏறினால் எச்சிவேரியாவும் ஏயோனியமும் வளர்ச்சியை நிறுத்திவிடும். அப்போது தண்ணீரைக் குறைத்து, உரத்தை நிறுத்துங்கள். அடீனியம் இதற்கு நேர்மாறு. சூட்டில்தான் வளர்ந்து பூக்கும். குளிரில் செம்பர்வைவம் உறைபனியையும் தாங்கும். மற்றவற்றை 5 டிகிரிக்குக் கீழே போகும்முன் உள்ளே எடுத்துவிடுங்கள்.

உரம் பெரிய விஷயமில்லை. வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறை, பொட்டலத்தில் சொன்னதில் பாதி அளவு கரைத்து ஊற்றினால் போதும். தழைச்சத்து கூடினால் இலை ஊதி மென்மையாகிவிடும்.

கெட்டுப்போகும்போது

அடியிலை ஒன்றிரண்டு காகிதம்போல் காய்வது இயல்பு. இலை மஞ்சளித்து, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவி, தொட்டாலே விழுந்தால் நீர் மிகுந்துவிட்டது. குழப்புவது மூன்றாவது நிலை: இலை சுருங்கியிருக்கிறது, ஆனால் மண் ஈரமாக இருக்கிறது. தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினால் கதை முடிந்தது. அங்கே நீரை உறிஞ்ச வேரே இல்லை. உடனே செடியை வெளியே எடுங்கள். கூர்மையான கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, தண்டைக் கீழிருந்து சீவிக்கொண்டே வாருங்கள். வெட்டுமுகத்தில் பழுப்புப் புள்ளியோ வளையமோ இல்லாமல் சுத்தமான பச்சை தெரியும்வரை வெட்ட வேண்டும். ஒரு புள்ளி மிச்சமிருந்தாலும் அழுகல் மேலேறும். பிறகு ஒரு வாரம் நிழலில் காயவைத்து, உலர்ந்த கலவையில் நட்டு, வேர்விட்ட பிறகே தண்ணீர்.

இலையிடுக்கில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. 70% ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்துத் தொட்டு எடுங்கள், நான்கைந்து நாளுக்கு ஒருமுறை மூன்று தடவை. முட்டையிலிருந்து புதிதாக வரும் பூச்சிகளை ஒரே தடவையில் தீர்க்க முடியாது. எறும்பு நடமாட்டம் இருந்தால் அதையும் கவனியுங்கள், மாவுப்பூச்சியைக் காப்பதே அவைதான். பரவிவிட்டால் ஒரு லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். எண்ணெய் பட்ட இலை வெயிலில் கருகும், மெழுகுப்பொடியும் போய்விடும். அதனால் எச்சிவேரியாவுக்கு ஆல்கஹாலோடு நிறுத்துவது நல்லது.

புதுச்செடி உண்டாக்க

எச்சிவேரியா, செடம் இலையைப் பக்கவாட்டில் ஆட்டி, அடிக்காம்பு முழுசாக வரும்படி கழற்றுங்கள். பாதியில் முறிந்த இலை முளைக்காது. மூன்று நாள் நிழலில் காயவைத்து, கலவைமேல் கிடத்துங்கள், புதைக்க வேண்டாம். வேர் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். வேர் வந்ததும் அதன்மேல் சிறிது மண் தூவி, அந்த இடத்தை மட்டும் லேசாக நனையுங்கள். தாய் இலை சுருங்கி உதிரும்வரை பிடுங்காதீர்கள், குட்டி வாழ்வது அதை உண்டுதான்.

எல்லாமே இலையில் வராது. கற்றாழை இலை அழுகும். அதன் பக்கக்கன்றைத்தான் பிரித்து நட வேண்டும். ஏயோனியத்துக்குத் தண்டு வேண்டும். மஞ்சள் கரையிட்ட ஸ்நேக் பிளாண்டை இலைத்துண்டில் வளர்த்தால் வெறும் பச்சையாகத்தான் முளைக்கும். கரை வேண்டுமானால் கிழங்கோடு பிரியுங்கள். யூஃபோர்பியாவை வெட்டும்போது கையுறை போடுங்கள். அதன் பால் தோலை எரிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அடீனியத்தின் சாறும் நஞ்சு. கலஞ்சோவும் ஜேட்டும் பூனை, நாய்க்கு ஆகாது. அவை கடிக்கும் உயரத்தில் ஹவோர்த்தியாவையும் எச்சிவேரியாவையும் மட்டும் வையுங்கள்.