மாவட்ட மைதானத்திலிருந்து மாநில அணி வரை: கிரிக்கெட் ஆடும் பிள்ளையின் பெற்றோருக்கு

இந்தியக் கிரிக்கெட் வாரியம் நேரடியாக எந்தப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்வதில்லை. வாரியத்துக்கு விண்ணப்பம் போட்டால் பதில் வராது, மும்பை அலுவலகத்துக்குப் போனாலும் பயன் இல்லை. 1928இல் தொடங்கிய வாரியம் உண்மையில் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு சங்கம்தான். அதன் உறுப்பினர்கள் மாநிலச் சங்கங்கள். மாநிலச் சங்கத்தின் கீழே மாவட்டச் சங்கங்களும் லீக் கிளப்புகளும் இருக்கின்றன. பிள்ளையின் பெயர் முதலில் ஏற வேண்டியது அந்தக் கடைசிப் படியில். அங்கே ஒரு ஸ்கோர் புத்தகத்திலும் ஒரு பதிவுக் கோப்பிலும் பெயர் இல்லாதவரை, எவ்வளவு நன்றாக ஆடினாலும் மேலே இருப்பவர்களுக்கு அவன் யாரென்றே தெரியாது.

எந்தக் கதவைத் தட்டுவது

சென்னையில் இருந்தால் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் லீக்கில் ஆடும் ஏதாவது ஒரு கிளப். முதல் டிவிஷனில் பெரும்பாலும் நிறுவனங்கள் பின்னால் நிற்கும் அணிகள். அங்கே பதினாறு வயதுக்காரனுக்கு இடம் கிடைப்பது அரிது. கீழ் டிவிஷன்களில் கிடைக்கும். மற்ற ஊர்களில் மாவட்டச் சங்கமும் அது நடத்தும் லீக்கும்தான் வழி. மாவட்ட வயதுப்பிரிவு அணிகள் தங்களுக்குள் மோதும் போட்டிகளில் நன்றாக ஆடுபவர்கள் மாநில உத்தேச அணிக்கு, அதாவது இறுதி அணியைப் பொறுக்கும் பெரிய பட்டியலுக்கு, போகிறார்கள்.

கோச்சிங் அகாடமியும் இந்தப் படிகளும் ஒன்றல்ல. அகாடமி ஆடக் கற்றுக்கொடுக்கும். தேர்வுக்கு அனுப்பும் அதிகாரம் அதற்குக் கிடையாது. சேர்க்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “உங்கள் பிள்ளைகள் எந்த லீக் கிளப்பில் பதிவாகியிருக்கிறார்கள்?” கிளப் பெயரும் டிவிஷனும் சட்டென்று வந்தால் சரி. “நேஷனல் லெவல் டோர்னமென்ட் கூட்டிட்டுப் போறோம்” என்று பதில் வந்தால் சற்று நில்லுங்கள். “இந்திய”, “அகில இந்திய”, “தேசிய” என்று பெயர் வைத்துக்கொண்டு, நுழைவுக் கட்டணம் வாங்கி, பளபளக்கும் சான்றிதழும் பதக்கமும் கொடுக்கும் அமைப்புகள் ஏராளம். அவற்றின் சான்றிதழுக்கு வாரியத்தின் படிகளில் மதிப்பு இல்லை. அதைவிடச் சிக்கல், ஏற்கெனவே பதிவான ஆட்டக்காரர் அங்கீகாரம் இல்லாத லீக்கில் ஆடினால் நடவடிக்கைக்கு உள்ளாகலாம்.

பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் போட்டிகள் வேறு ரகம். அவை முறையானவை, கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் பயன்படும். ஆனால் அது தனி ஏணி. பள்ளி அணிக்காக மாநில அளவில் ஆடிய பையன் சங்கத்தின் மாநில அணிக்குத் தானாகப் போய்விட மாட்டான். இரண்டிலும் பெயர் இருக்கட்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடு என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

காகிதங்கள்

நல்ல ஆட்டக்காரர்கள் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். அடிப்படை ஆவணம் பிறப்புச் சான்றிதழ். சட்டப்படி பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஓராண்டு தாண்டினால் அதிகாரியின் உத்தரவு இல்லாமல் பதிய முடியாது. தாமதப் பதிவை வாரியம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது: 2020இல் அறிவித்த விதிப்படி, பிறந்து இரண்டு ஆண்டுக்கு மேல் கழித்துப் பதிவான சான்றிதழ் உள்ளவர்கள் 19 வயதுக்குட்பட்டோர் போட்டியில் ஆடும் ஆண்டுகளுக்கு வரம்பு உண்டு. பிறப்பு எப்போது நடந்தது என்பதோடு, எப்போது பதிவானது என்ற தேதியையும் சான்றிதழில் பாருங்கள்.

அடுத்தது பெயர். மருத்துவமனையில் பதிவு செய்தபோது குழந்தைக்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். சான்றிதழில் அந்த இடம் காலியாகவே இருக்கும். முதல் 12 மாதங்களில் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம், அதன் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். பிள்ளைக்குப் பத்து வயது ஆகும்போதே முடித்துவிடுங்கள். தேர்வு அறிவிப்பு வந்த வாரத்தில் மாநகராட்சி அலுவலகத்தில் வரிசையில் நிற்பது வீண் அவஸ்தை.

இனிஷியல் இன்னொரு தொல்லை. பிறப்புச் சான்றிதழில் “கார்த்திக்”, பள்ளியில் “எஸ். கார்த்திக்”, ஆதாரில் “கார்த்திக் செல்வம்”, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக. நமக்கு நான்கும் ஒருவன்தான். சரிபார்ப்பவருக்கு நான்கு பேர். எல்லாவற்றையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்கு, ஒரே வரிசைக்குக் கொண்டுவாருங்கள். பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்துப் பள்ளிப் பதிவு, பிறகு ஆதார், கடைசியில் பாஸ்போர்ட் என்று போனால் திருத்த வேண்டிய வேலை குறையும். பள்ளியில் சேர்க்கும்போது சில மாதம் கூட்டியோ குறைத்தோ பிறந்தநாள் கொடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தச் சின்னப் பொய் பத்து ஆண்டு கழித்து வயது மோசடி என்ற பெயரில் திரும்பி வரும்.

தண்டனை லேசானதல்ல. வயதைத் திருத்தியது தெரிந்தால் இரண்டு ஆண்டுத் தடை. தடை முடிந்த பிறகும் வயதுப்பிரிவுப் போட்டிகளில் ஆட முடியாது என்று 2020 விதி சொல்கிறது. அந்த ஆண்டு, தாமாக முன்வந்து உண்மையான வயதைச் சொன்னவர்களுக்கு மன்னிப்புத் திட்டம் இருந்தது. வேறு மாநிலத்தில் வசிப்பதாகப் பொய்யாகக் காட்டும் வசிப்பிட மோசடிக்கு அந்தச் சலுகைகூடக் கிடையாது. புதுச்சேரி 2018-19 முதல், மாநில அணிகள் மோதும் ரஞ்சி கோப்பையில் தனி அணியாக ஆடுகிறது. எல்லையோர மாவட்டக் குடும்பங்களுக்கு “அங்கே போட்டி குறைவு” என்ற ஆசை வருவது இயல்புதான். போவதானால் வீடும் பள்ளியும் உண்மையிலேயே மாற வேண்டும், அதற்கான தொடர் ஆதாரமும் பழைய சங்கத்தின் தடையில்லாச் சான்றும் கையில் இருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் ஒன்றை மட்டும் காட்டித் தப்பலாம் என்று யாராவது சொன்னால், தடை வருவது உங்கள் பிள்ளைக்கு, அவருக்கல்ல.

வயதுக் கணக்கு

வாரியத்தின் கணக்கு செப்டம்பர் 1ஐ வைத்து ஓடுகிறது. 16 வயதுக்குட்பட்ட பையன்கள் போட்டிக்கு அன்றைய தேதியில் 14 முடிந்திருக்க வேண்டும், 16 நிறைந்திருக்கக் கூடாது. அதாவது ஒரு பையனுக்குக் கிடைப்பது இரண்டே சீசன்.

2011 ஆகஸ்ட் 20இல் பிறந்தவனையும் 2011 செப்டம்பர் 5இல் பிறந்தவனையும் எடுத்துக்கொள்வோம். முதலாமவனுக்கு 2025-26, 2026-27 ஆகிய சீசன்கள். இரண்டாமவனுக்கு 2026-27, 2027-28. சீசன் தொடங்கும்போது முன்னவன் 14 வயதும் சில நாட்களும் ஆனவன். பின்னவன் தன் முதல் சீசனிலேயே ஏறக்குறைய 15. பதினாறு நாள் வித்தியாசத்தில் பிறந்த இருவருக்குள், தேர்வுக்கு நிற்கும்போது கிட்டத்தட்ட ஓராண்டு வளர்ச்சி வித்தியாசம். வேகப்பந்து வீச்சாளருக்கு ஓராண்டு என்பது பெரிய விஷயம். உங்கள் பிள்ளை ஜூன், ஜூலை, ஆகஸ்டில் பிறந்தவன் என்றால் முதல் சீசனில் பெயர் வராததைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாவது சீசனைக் குறிவைத்து வேலை செய்யுங்கள்.

காகிதம் சரியாக இருந்தாலும் எலும்புச் சோதனை உண்டு. இடது கையின் மணிக்கட்டையும் விரல்களையும் எக்ஸ்ரே எடுத்து, 13 எலும்புகளின் முதிர்ச்சியை மதிப்பெண்ணாக்கிக் கூட்டும் டிடபிள்யூ-3 முறை. வாரியம் 2012இல் இதைக் கொண்டுவந்தது. எலும்பு வயது வரம்பு பையன்களுக்கு 16.4, பெண்கள் 15 வயதுப்பிரிவில் 14.9. இந்த எண்களுக்குக் காரணம் இருக்கிறது: அந்த முறையில் எலும்புகள் முழுதாக இணைந்துவிட்டால் பையனுக்கு 16.5, பெண்ணுக்கு 15 என்றுதான் விடை வரும். அதற்கு மேல் பதினேழா இருபதா என்று சொல்ல முடியாது. ஆகவேதான் 19 வயதுப்பிரிவில் எலும்பை விட்டுவிட்டு ஆவணத்தை நோண்டுகிறார்கள்.

உண்மையிலேயே 15 வயதுப் பையன் சீக்கிரம் வளர்ந்துவிட்டதால் இந்தச் சோதனையில் வெளியேறுவதும் நடக்கும். அதில் யாருடைய குற்றமும் இல்லை. அவனை மோசடிக்காரன் என்று அர்த்தப்படுத்தவும் கூடாது. 19 வயதுப்பிரிவுக்குத் தயாராக வேண்டியதுதான். 2025-26 சீசனுக்கு முன்பு வரை, ஒருமுறை வந்த எலும்பு வயதோடு அடுத்த ஆண்டு ஒன்றைக் கூட்டிக் கணக்கிட்டார்கள். இப்போது மறுசோதனைக்கு வாய்ப்பு இருக்கிறது. பயத்தில் முன்கூட்டியே தனியார் ஸ்கேன் மையத்தில் எடுத்துப் பார்ப்பது பயன் தராது. அங்கே பெரும்பாலும் பட அட்டவணையோடு ஒப்பிடும் வேறு முறையில் சொல்வார்கள். இரண்டு விடைகளும் ஒத்துப்போக வேண்டியதில்லை.

தேர்வு நாள்

மாவட்டத் தேர்வில் நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் வருவார்கள். ஒருவருக்கு நெட்ஸில் சில பந்துகள்தான் கிடைக்கும். விண்ணப்பத்தில் “ஆல்ரவுண்டர்” என்று எழுதாதீர்கள். அந்த வரிசைதான் எப்போதும் நீளமானது, இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க நேரமும் இருக்கும். எது பலமோ அதை எழுதுங்கள். கீப்பர், இடதுகைச் சுழல், லெக் ஸ்பின் வரிசைகள் குட்டையாக இருக்கும். பேட்டிங் வரிசையில் நிற்பவன் முதல் பந்தையே தூக்கி அடிக்கப் பார்ப்பது வழக்கமான தவறு. தேர்வாளர் பார்ப்பது கால் நகர்வு, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விடுகிறானா, தலை அசையாமல் இருக்கிறதா என்பதை.

டென்னிஸ் பாலில் வளர்ந்தவர்கள் ஸ்டிச் பாலுக்கு மாற ஒரு முழு சீசன் எடுக்கும். 156 முதல் 163 கிராம் எடையுள்ள பந்து விரலில் பட்டால் என்ன ஆகும் என்ற பயம் போகவே சில மாதம் ஆகும். மாவட்டங்களில் இன்னொரு சிக்கல், மேட்டிங் விக்கெட், அதாவது விரிப்பு (மேட்) போட்ட ஆடுகளம். விரிப்பில் பந்து ஒரே சீராக, உயரமாக எழும். பின்காலில் நின்று ஆடப் பழகிவிடுவார்கள். டர்ஃபில், அதாவது விரிப்பில்லாத மண் ஆடுகளத்தில், அதே இடத்தில் குத்தும் பந்து தாழ்ந்து வந்து காலில் படும், எல்பிடபிள்யூ. மாநிலத் தேர்வு ஆட்டங்கள் டர்ஃபில்தான். அதற்கு முன் நாலைந்து முறையாவது டர்ஃபில் ஆடக் கொண்டுபோங்கள். விரிப்புக்கு ரப்பர் அடிக் காலணி, டர்ஃபில் வேகப்பந்து வீசுபவனுக்கு ஆணி வைத்த காலணி. ஒரே ஜோடியை இரண்டுக்கும் போட்டால் ஒன்று மேட் கிழியும், இல்லை கால் வழுக்கும்.

ஆன்லைன் ஸ்கோர் செயலியில் ஆயிரம் ரன் காட்டுவதால் யாரும் அசைவதில்லை. டென்னிஸ் பால் ஆட்டமும் அதில் கலந்திருக்கும். லீக் ஆட்டத்தின் ஸ்கோர்ஷீட்டை அன்றே படம் எடுத்து, தேதி, எதிரணி, டிவிஷன் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பந்துவீசுபவன் என்றால்

பள்ளி, அகாடமி, கிளப், மாவட்டம் என்று நான்கு இடத்தில் நான்கு பயிற்சியாளர்கள் பந்து போடச் சொல்வார்கள். மொத்தம் எத்தனை பந்து என்று நால்வரில் யாருக்கும் தெரியாது. வளரும் வயதில் கீழ் முதுகெலும்பில் வரும் அழுத்த முறிவுக்கு முக்கியக் காரணம் இந்தக் கணக்கில்லாத சுமைதான். கூட்டுவது உங்கள் வேலை. ஒரு நோட்டில் தினமும், நெட்ஸில் போட்டதையும் சேர்த்து, எழுதுங்கள். ஒரு வாரத்தின் எண்ணிக்கை முந்தைய வாரங்களைவிடத் திடீரென்று எகிறினால், குறிப்பாகத் தேர்வு முகாம் வாரத்தில், மறுவாரம் குறையுங்கள். பின்னோக்கி வளையும்போது முதுகின் ஒரே பக்கம் வலித்தால் தைலம் தேய்த்துச் சமாளிக்காமல் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாநில அணிக்குப் பிறகு

16 வயதுப்பிரிவில் விஜய் மெர்ச்சன்ட் கோப்பை, மூன்று நாள் ஆட்டம். 19இல் நான்கு நாள் கூச் பெஹார் கோப்பையும் ஒருநாள் வினு மன்கட் கோப்பையும். 23இல் சி.கே. நாயுடு கோப்பை. அதன் பிறகு ரஞ்சி. அதன் முதல் ஆட்டமே 1934இல் சேப்பாக்கத்தில் மெட்ராசுக்கும் மைசூருக்கும் நடந்தது, ஒரே நாளில் முடிந்தும் போனது. இப்போது 38 அணிகள். வயதுப்பிரிவில் நன்றாக ஆடுபவர்களை மண்டல முகாமுக்கும், பிறகு பெங்களூரு உயர்திறன் மையத்துக்கும் அழைக்கிறார்கள். 2021இல் வாரியம் அறிவித்தபடி 19 வயதுப்பிரிவு ஆண்களுக்கு ஆட்ட நாளுக்கு 20,000 ரூபாய், பதினொருவரில் இல்லாதவருக்கு அதில் பாதி. ஆகவே பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கும் பான் அட்டையும் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும்.

பெண் பிள்ளைகளுக்கு 15, 19, 23 என்ற பிரிவுகள். ஆடுபவர்கள் எண்ணிக்கை குறைவு என்பதால் திறமை சீக்கிரம் கண்ணில் படுகிறது. மதுரையின் ஜி. கமலினியை 2024 டிசம்பரில் மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில் மும்பை 1.6 கோடிக்கு எடுத்தபோது அவருக்கு 16 வயது.

வயதுப்பிரிவு முழுவதும் தவறிப்போனவர்களுக்கு லீக் இருக்கிறது. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பாலிலிருந்து வந்து, சென்னை லீக்கின் கீழ் டிவிஷனில் தொடங்கி, 2015இல்தான் ரஞ்சி ஆடினார். வருண் சக்கரவர்த்தியும் நான்காம் டிவிஷனிலிருந்து 2018இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்குக்கு (டிஎன்பிஎல்) போனவர். இந்த வழியில் போக நினைப்பவர் சீசன் தொடங்கும் முன் நடக்கும் கிளப் பதிவைத் தவறவிடக் கூடாது. ஒரு கிளப்பில் கையெழுத்திட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தால் அந்த ஆண்டு அப்படியே போய்விடும். எந்த டிவிஷன் என்பதைவிட, பதினொன்றில் இடம் கிடைக்குமா, எத்தனையாவதாக இறக்குவார்கள், எத்தனை ஓவர் தருவார்கள் என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு படிவத்தில் கையெழுத்திடுங்கள்.