எம்எல்ஏவுக்கு மார்க் போடக் கெளம்புறவங்களுக்கு: நான் பண்ணித் தொலைச்ச தப்புங்க

போன மாசம் மதுரை புதுநத்தம் ரோடு நூலக வாசல்ல ரெண்டு காலேஜ் பசங்க என்னைப் பிடிச்சுக்கிட்டாய்ங்க. "அண்ணே, நம்ம மாவட்டத்துல இருக்கிற பத்துத் தொகுதி எம்எல்ஏவுக்கும் மார்க் ஷீட் ரெடி பண்ணிருக்கோம், நுகர்வோர் விஷயத்துலயும் சுகாதார விஷயத்துலயும் யார் எப்படி ஓட்டு போட்டாங்கன்னு"ன்னு சொல்லி லேப்டாப்பைத் திறந்தான் ஒருத்தன். பச்சைக் கட்டம், சிவப்புக் கட்டம், கடைசியில நூத்துக்கு இத்தனைன்னு மார்க். எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு, ஏன்னா பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி சார்ட் பேப்பர்ல ஸ்கெட்ச் பேனா வச்சு நான் போட்டதும் அச்சு அசலா இதே கட்டந்தான்.

பேரைத் தப்பா போடுறது, பழைய எம்எல்ஏ போட்டோவை ஒட்டுறது, இதெல்லாம் நான் சொல்லப் போறதில்ல, ஒரு தடவை திட்டு வாங்குனா தானா சரியாயிரும். யாரும் சொல்லித் தராத தப்புங்க இருக்கு, அதைச் சொல்றேன்.

குரல் வாக்கெடுப்பை ஆளுக்கொரு ஓட்டா பிரிக்கிறது

இதை நெனச்சா இன்னும் எனக்கு எரிச்சல் வரும், அதனால கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க.

சட்டசபையில மசோதா எப்படி பாஸ் ஆகுதுன்னு பாத்திருக்கீங்களா? ஆதரிக்கிறவங்க ஆம்னு சொல்லச் சொல்வார் சபாநாயகர், ஒரு சத்தம் வரும், எதிர்க்கிறவங்க இல்லைன்னு சொல்லச் சொல்வார், அங்கிட்டு இருந்து ஒரு சத்தம் வரும், சில நாள் அதுவும் வராது, எந்தப் பக்கம் சத்தம் ஜாஸ்தியோ அந்தப் பக்கம்னு அறிவிச்சிட்டு அடுத்த வேலைக்குப் போயிருவாங்க. 234 பேர்ல யார் வாயைத் திறந்தா யார் சும்மா உக்காந்திருந்தா யார் கேன்டீன்ல இருந்தான்னு எந்த ரெக்கார்டும் கிடையாது. பேர் வாரியா ஓட்டுன்னு ஒண்ணு இல்லவே இல்லாதப்ப நீ எதை வச்சுப் பச்சை அடிக்கிற?

நான் என்னத்தை வச்சு அடிச்சேன்னா, கட்சியை வச்சு. ஆளுங்கட்சி எம்எல்ஏவா, அப்ப ஆதரவு. எதிர்க்கட்சியா, அப்ப எதிர்ப்பு. இந்த லட்சணத்துல எங்க நுகர்வோர் குழுவுல நாலாயிரம் நோட்டீஸ் அடிச்சோம், மேலமாசி வீதிப் பக்கம் ஒரு அச்சகத்துல, ஆளுக்கு முன்னூறு ஐநூறுன்னு கைக்காசு போட்டு. ஒரு சுகாதார மசோதா, எதுன்னு சொல்ல மாட்டேன், சொன்னா ஆளைக் கண்டுபிடிச்சிருவீங்க. "உங்கள் எம்எல்ஏ இந்த மசோதாவை எதிர்த்து வாக்களித்தார்"னு கொட்டை எழுத்துல போட்டு, ஞாயித்துக்கிழமை காலைல பஸ் ஸ்டாண்டு, சந்தை, டீக்கடைன்னு கொடுத்து முடிச்சிட்டோம். அன்னைக்குச் சாயங்காலமே ரெண்டு பைக்ல நாலு பேர் எங்க ஆபீஸ் வாசல்ல. அடிக்க வரல, அதுதான் இன்னும் கேவலம், மரியாதையா ஒரு கவரை நீட்டுனாய்ங்க. உள்ள ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் பேப்பர். அந்த மசோதா பாஸ் ஆன அன்னைக்கு அந்த மனுஷன் பித்தப்பைக் கல்லு ஆபரேஷன் முடிஞ்சு படுக்கையில கெடந்திருக்கார், சென்னைக்கே போகல.

அடுத்த ஞாயிறு அதே இடங்கள்ல நின்னு மறுப்பு நோட்டீஸ் கொடுத்தோம். முதல் நோட்டீஸை வாங்கிப் படிச்சவன் எவனும் ரெண்டாவதைப் படிக்கல. ஒரு வருஷத்துக்கு நாங்க எந்தத் தராசு மோசடியைப் பத்திப் பேசப் போனாலும் "நீங்கதான அந்த ஆஸ்பத்திரி கேஸு"ன்னு ஆரம்பிச்சாய்ங்க. மிச்சம் கெடந்த நோட்டீஸ் கட்டை வடைக்கடைக்காரர் வாங்கிக்கிட்டார், அது ஒண்ணுதான் லாபம்.

பசங்ககிட்ட இந்த ஐடியா எங்கருந்துடா வந்துச்சுன்னு கேட்டேன், அமெரிக்காவுல இருந்தாம். அங்க நுகர்வோர் உரிமைக்காகப் போராடுன ரால்ஃப் நாடர் 1970கள்ல கிளப்பி விட்ட பொதுநல ஆய்வுக் குழுக்கள் மாநிலத்துக்கு மாநிலம் இருக்கு, சட்டமன்ற உறுப்பினர்களுக்கு மார்க் போட்டு வெளியிடுவாங்க. வாஸ்தவம். ஆனா அங்க இறுதி ஓட்டெல்லாம் பெரும்பாலும் பேர் பேராப் பதிவாகும், கட்சி சொன்னதுக்கு எதிரா ஓட்டு போட்டாலும் பதவி போகாது. இங்க 1985ல அரசியல் சட்டத்தோட 52வது திருத்தம் கொண்டு வந்த பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடை, இருக்கு. கொறடான்னா எப்படி ஓட்டு போடணும்னு கட்சி சார்புல உத்தரவு போடுற ஆளு, அந்த உத்தரவை மீறி ஓட்டு போட்டாலோ ஓட்டுப் போடாம இருந்தாலோ, 15 நாளுக்குள்ள கட்சி மன்னிச்சு விடலைன்னா பதவி காலி ஆகலாம். அப்ப ஓட்டே பதிவானாலும் அது கொறடாவோட ஓட்டா அந்த ஆளோட ஓட்டான்னு எப்படிப் பிரிப்ப?

எண்ணுறது அறவே இல்லைன்னு சொல்லல. 2017 பிப்ரவரி 18ல எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்கு கேட்டப்ப, திமுககாரங்களை வெளியேத்துன பிறகு, பகுதி பகுதியா எழுந்து நிக்கச் சொல்லி எண்ணுனாங்க, 122க்கு 11. அந்த மாதிரி நாள்ல யார் எந்தப் பக்கம்னு தைரியமா எழுதலாம். ஆனா அது ஆட்சி இருக்குமா போகுமான்னு நடந்த ஓட்டு. கலப்படத்துக்கும் கடன்காரன் தொல்லைக்கும் யாரு டிவிஷன், அதாவது இப்படித் தலையை எண்ணுற ஓட்டெடுப்பு, கேக்குறா?

அப்ப என்னதான் எழுதுறதுன்னா, வாயில இருந்து வந்ததை எழுதுங்க. மசோதா மேல பேசுனாரா, திருத்தம் கொடுத்தாரா, மக்கள் நல்வாழ்வுத் துறை செலவுக்குப் பணம் கேக்குற மானியக் கோரிக்கையில, அதைக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுத்தாரா, கேள்வி நேரத்துல ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பத்தி ஒரு கேள்வியாவது கேட்டாரா, மந்திரிங்க சபையில கொடுத்த வாக்கு நிறைவேறுச்சான்னு பாக்குற உறுதிமொழிக் குழுவுல இருந்தா அந்தக் குழு மாவட்டத்துக்கு வந்தப்ப கூட வந்தாரா. அவை நடவடிக்கைக் குறிப்புல பேரோட இருக்கும். படிக்கக் கண்ணு வலிக்கும், ஆனா டிஸ்சார்ஜ் பேப்பர் எடுத்துக்கிட்டு எவனும் வர மாட்டான்.

வரலைன்னா எதிர்ப்புன்னு எடுத்துக்கிறது

2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயத்துல அறுபது பேருக்கு மேல செத்தாங்களே, அதுக்கப்புறம் ஜூன் 29ல மதுவிலக்குச் சட்டத் திருத்தம், ஆயுள் தண்டனை வரைக்கும், கொண்டு வந்த அன்னைக்கே நிறைவேறிருச்சு. அதிமுக எம்எல்ஏக்கள் அன்னைக்கு சபையில இல்ல. ஏன்னா மூணு நாள் முன்னாடியே அந்தக் கூட்டத்தொடர் முழுக்க அவங்களை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க, அதுவும் இதே சாராய விவகாரத்துல கத்துனதுக்கு. பசங்க ஷீட்ல அந்த மசோதாவுக்கு நேரா அவங்க எல்லாருக்கும் சிவப்பு அடிச்சு பூஜ்யம் போட்டிருந்தாய்ங்க.

வெளிநடப்பும் அப்படித்தான், ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதை. 2023 ஏப்ரல் 21ல பன்னெண்டு மணி நேர வேலைக்கு வழி பண்ற தொழிற்சாலைகள் திருத்தம் வந்தப்ப அப்ப ஆளுங்கட்சியா இருந்த திமுகவோட கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு பண்ணாங்க, குரல் வாக்கெடுப்புல பாஸ் ஆச்சு, மூணே நாள்ல நிறுத்தி வச்சாங்க, மே தினத்தன்னைக்கு வாபஸ்னு அறிவிச்சாங்க. ஓட்டுக் கணக்குல அந்த வெளிநடப்புக்கு மதிப்பே இல்ல, அரசியல் சட்டம் 189ப்படி வந்து ஓட்டு போடுறவங்கள்ல பெரும்பான்மைதான் கணக்கு. ஆனா மசோதாவைச் சாய்ச்சதுல அதுக்கும் பங்கு இருக்கு. இதை எந்தக் கலர்ல அடிப்ப?

டெல்லி சட்டத்துக்கு எம்எல்ஏவை மடக்குறது

திருமங்கலத்துல ஒரு கூட்டம், எங்க ஆள் ஒருத்தர் மைக்கைப் பிடிச்சு "2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு நீங்க ஆதரவா ஓட்டு போட்டீங்களா இல்லையா"ன்னு எம்எல்ஏவைக் கேட்டார். அவர் சிரிச்சுக்கிட்டே "அது பார்லிமெண்ட்ல நடந்ததுங்கய்யா, எம்பிகிட்ட கேளுங்க"ன்னார், கூட்டம் பூரா சிரிச்சிருச்சு. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, எடையளவுச் சட்டம் 2009, மருந்துச் சட்டம் 1940, எல்லாமே மத்தியச் சட்டம். குட்கா தடை 2013ல வந்துச்சே, அதுக்கும் சட்டசபையில ஓட்டெடுப்பு கிடையாது, உணவுப் பாதுகாப்பு ஆணையர் போட்ட உத்தரவு, வருஷா வருஷம் நீட்டிச்சாங்க. தோப்பூர் எய்ம்ஸும் டெல்லி திட்டந்தான், அதுக்கு எம்எல்ஏவுக்கு மைனஸ் மார்க் போட்டவனையும் பாத்திருக்கேன்.

நம்ம சட்டசபைக்கு வேலை இருக்கிற இடம் வேற. பொது சுகாதாரம், ஆஸ்பத்திரி, சாராயம், சூதாட்டம் எல்லாம் மாநிலப் பட்டியல். தனியார் ஆஸ்பத்திரி பதிவுக்கான 1997 சட்டம் மாநிலம் போட்டது. கடன் வசூல்ங்கிற பேர்ல வீட்டு வாசல்ல வந்து மிரட்டுறவனுக்கு எதிரா 2025 ஏப்ரல்ல ஒரு மசோதா பாஸ் ஆச்சு, குழுக் கடன் வாங்குன உசிலம்பட்டிப் பக்கத்துப் பொம்பளைங்ககிட்ட கேளுங்க அதோட அருமை தெரியும். இதுல யார் என்ன பேசுனாங்கன்னு பாருங்க.

பாஸ் ஆயிருச்சு, சட்டம் வந்துருச்சுன்னு போஸ்டர் ஒட்டுறது

ஆன்லைன் ரம்மியை எடுத்துக்கங்க. 2021ல போட்ட தடையை அந்த வருஷம் ஆகஸ்ட்லயே சென்னை ஹைகோர்ட் ரத்து பண்ணிருச்சு. 2022 அக்டோபர் 19ல புது மசோதா பாஸ் ஆச்சு, ஆளுநர் மாசக்கணக்குல வச்சிருந்து 2023 மார்ச்சுல திருப்பி அனுப்புனார், மார்ச் 23ல மறுபடி நிறைவேத்துனாங்க, ஏப்ரல்லதான் ஒப்புதல். நாங்க 2022 அக்டோபர்லயே "ரம்மி ஒழிந்தது"ன்னு பட்டாசு வெடிச்சோம். வெடிச்ச தெருவுலயே ஒரு ஆட்டோக்காரத் தம்பி அந்தத் தீபாவளி போனஸை அன்னைக்கு ராத்திரி செல்போன்ல விட்டான்.

110 விதி அறிவிப்புக்கு மார்க் போடுறது

முதல்வரோ மந்திரியோ சபையில அறிக்கை படிக்கிற விதி அது, விவாதமே கிடையாது. எங்கருந்து ஓட்டு?

மேலவையில என்ன ஆச்சுன்னு தேடுறது

சட்டசபைக்கு மேல இருந்த ரெண்டாவது சபை அது, 1986லயே கலைச்சாச்சு தம்பி.

மந்திரிக்கும் எம்எல்ஏவுக்கும் ஒரே ஷீட்

மந்திரி கேள்வி கேக்க மாட்டார், பதில் சொல்வார். கேள்விக் கட்டத்துல பூஜ்யம் போட்டுட்டு "அமைச்சர் தூங்குகிறார்"னு தலைப்பு வச்சா, தூங்குறது நீங்கதான். சபாநாயகருக்கும் தனிக் கணக்கு, சரிசமமா வந்தாத்தான் அவருக்கு ஓட்டே.

பசங்களை இப்படியே விட மனசு வரல. பருத்திப்பால் வாங்கிக் கொடுத்துட்டு உக்கார வச்சுப் பேசுனேன். ஒருத்தனுக்குக் கோவம், மூணு வாரம் வேலை பாத்திருக்கோம்ணேன்னான். இன்னொருத்தன் ஒண்ணும் சொல்லல. நாலு நாள் கழிச்சு அவன் மட்டும் வீட்டுக்கு வந்தான், கையில நீளமா ஒரு கணக்கு நோட்டு, உள்ள கோடு போட்டு தேதி, மசோதா, பேசுனவர், என்ன சொன்னார், கேட்ட கேள்வி, குழுன்னு எழுதிருந்தான். கடைசியில "வாக்கு"ன்னு ஒரு கட்டம் அப்படியே இருந்துச்சு. பேனாவை வாங்கி அதை அடிச்சு விட்டு, "அன்னைக்கு சபையில இருந்தாரா"ன்னு எழுதிக் கொடுத்தேன்.