கிளவுடில் ஃபயர்வால் விதிகள்: எழுதும் முன் பாதையைச் சரிபாருங்கள்

2018இல் சிங்கப்பூரின் பொது மருத்துவக் குழுமமான சிங்ஹெல்த்தின் தரவுத்தளத்திலிருந்து 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் திருடுபோயின. விசாரணைக் குழு 2019 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை சுட்டிக்காட்டிய ஓட்டைகளில் ஒன்று, சிங்கப்பூர் பொது மருத்துவமனையின் சிட்ரிக்ஸ் (தொலைவிலிருந்து செயலிகளை இயக்க உதவும்) சர்வர்களுக்கும் நோயாளி தரவுத்தளத்துக்கும் நடுவே அவசியமில்லாமல் திறந்து கிடந்த இணைப்பு. நிர்வாகக் கருவிகளுக்காக அதை அப்படியே விட்டிருந்தார்கள். ஆகவே வெளியிலிருந்து வருவதை மட்டும் சோதித்தால் போதாது. சர்வருக்குச் சர்வர் போவதும், உள்ளிருந்து வெளியே போவதும் ஃபயர்வாலை, அதாவது போக்குவரத்தை விதிப்படி அனுமதிக்கும் அல்லது தடுக்கும் காவலை, தாண்டித்தான் போக வேண்டும்.

அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் நெட்வொர்க் ஃபயர்வாலை வைத்தே விளக்குவோம். சம்பளக் கணக்கு சர்வர்கள் 10.20.0.0/16 என்ற முகவரி வரம்புள்ள விபிசியில் (கிளவுடில் உங்களுக்கான தனி நெட்வொர்க்), தரவுத்தளம் 10.30.0.0/16இல், போக்குவரத்தைச் சோதிக்கும் ஃபயர்வாலுக்கென்று தனியாக 10.100.0.0/16 (இதுதான் சோதனை விபிசி). மூன்றையும் டிரான்சிட் கேட்வே என்ற மையச் சந்திப்பு இணைக்கிறது.

பாதை

தன்னிடம் வந்து சேராத பாக்கெட்டை (தரவுத் துண்டை) ஃபயர்வாலால் சோதிக்க முடியாது. விதி வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் பல ரூட் டேபிளில்தான் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியலில்) முடியும்.

சோதனை விபிசியில் ஒவ்வொரு அவைலபிலிட்டி ஸோனிலும் (தனித்தனித் தரவு மையப் பகுதி) ஃபயர்வால் எண்ட்பாயிண்டுக்கு (போக்குவரத்து ஃபயர்வாலுக்குள் நுழையும் புள்ளி) ஒரு தனி /28 சப்நெட் (16 முகவரிகள் கொண்ட உட்பிரிவு) கொடுங்கள். அதில் வேறு எந்த சர்வரையும் வைக்காதீர்கள். அதே சப்நெட்டிலிருந்து கிளம்புவதை ஃபயர்வால் சோதிக்காது. சர்வர்களின் 0.0.0.0/0 பாதை (வேறு வழி சொல்லப்படாத எல்லா முகவரிகளுக்குமானது) டிரான்சிட் கேட்வேக்கும், அங்கிருந்து சோதனை விபிசிக்கும், பிறகு அதே ஸோனின் எண்ட்பாயிண்டுக்கும், கடைசியாக நேட் கேட்வேக்கும் (உள் முகவரியை மாற்றி இணையத்துக்கு அனுப்பும் வாயில்) போக வேண்டும். நேட் கேட்வே ஃபயர்வாலுக்கு முன்னால் வந்துவிட்டால், எந்த சர்வர் பேசியது என்பதே பதிவில் தெரியாது.

பலர் கோட்டைவிடுவது திரும்பும் பாதையில். நேட் இருக்கும் சப்நெட்டின் ரூட் டேபிளில் 10.20.0.0/16ஐ ஃபயர்வால் எண்ட்பாயிண்டுக்குத் திருப்ப வேண்டும். நேராக டிரான்சிட் கேட்வேக்கு அனுப்பினால் பதில் பாக்கெட்டுகள் ஃபயர்வாலைச் சுற்றிப் போய்விடும். ஃபயர்வால் பாதி உரையாடலை மட்டும் பார்த்து இணைப்பை முடக்கிவிடும். விபிசிகளுக்கு இடையிலான போக்குவரத்துக்கு, சோதனை விபிசியின் டிரான்சிட் கேட்வே இணைப்பில் அப்ளையன்ஸ் மோடை (போகும், வரும் பாக்கெட்டுகளை ஒரே ஸோன் வழியாக அனுப்பும் அமைப்பை) இயக்குங்கள். ஒரே ஸோனில் இருக்கும் சர்வர்கள் நன்றாகப் பேசிக்கொள்கின்றன, வேறு ஸோன் என்றால் தொங்குகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

விதிகளின் வரிசை

ஒவ்வொரு பாக்கெட்டையும் தனியாகப் பார்க்கும் ஸ்டேட்லெஸ் பகுதியில் நேரத்தைச் செலவிட வேண்டாம். முழு பாக்கெட், துண்டான பாக்கெட் இரண்டுக்குமே இயல்பு நடவடிக்கையை முழு உரையாடலையும் பார்க்கும் ஸ்டேட்ஃபுல் எஞ்சினுக்கு அனுப்பும்படி வையுங்கள். ஸ்டேட்லெஸ்ஸில் ஒரு பாஸ் (அனுமதி) விதி எழுதினால், அந்தப் போக்குவரத்து மேற்கொண்டு சோதனையும் இல்லாமல் பதிவும் இல்லாமல் போய்விடும்.

ஸ்டேட்ஃபுல்லில் ஸ்ட்ரிக்ட் ஆர்டரைத் (எழுதிய வரிசையிலேயே பார்க்கும் முறை) தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் நீங்கள் எழுதிய வரிசை எப்படி இருந்தாலும் பாஸ் விதிகள் எல்லாம் முதலில் பார்க்கப்படும். அகலமாக எழுதிய ஒரே ஒரு பாஸ், கீழே உள்ள எல்லா டிராப்பையும் (சத்தமின்றித் தடுக்கும் விதியையும்) வீணாக்கிவிடும். பாலிசியும் அதில் சேரும் விதித்தொகுப்புகளும் ஒரே வரிசைமுறையில் இருக்க வேண்டும் என்பதால் இதை ஆரம்பத்திலேயே தீர்மானியுங்கள். தொகுப்பின் கெப்பாசிட்டியும் (எவ்வளவு விதிகள் கொள்ளும் என்ற அளவும்) அப்படித்தான், பிறகு மாற்ற முடியாது. வளர இடம் விட்டுக் கொடுங்கள்.

இயல்பு நடவடிக்கையாக டிராப் ஆல் (எல்லாவற்றையும் தடு) வேண்டாம். அனுமதித்த தளத்தின் பெயர் டிஎல்எஸ்ஸின் (மறையாக்கம் செய்த இணைப்பின்) முதல் செய்தியில்தான் வரும். அதற்கு முன்பே டிசிபி கைகுலுக்கல் (இணைப்பை ஏற்படுத்தும் ஆரம்பப் பரிமாற்றம்) முடிய வேண்டும். டிராப் ஆல் கைகுலுக்கலைத் தொடங்கும் சின் பாக்கெட்டையே வெட்டிவிடும். டிராப் எஸ்டாப்ளிஷ்ட், அலர்ட் எஸ்டாப்ளிஷ்ட் (கைகுலுக்கல் முடிந்த இணைப்புகளில் மட்டும் தடுப்பது, பதிவு செய்வது) இரண்டையும் தேர்ந்தெடுங்கள். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு: எந்தப் போர்ட்டுக்கும் கைகுலுக்கல் நடக்கும், கைகுலுக்கலே இல்லாத யுடிபியின் முதல் பாக்கெட்டும் வெளியே போகும். அதனால் 443 (டிஎல்எஸ் தளங்களின் போர்ட்) தவிர வெளியே போகும் மற்ற டிசிபி போர்ட்டுகளுக்கு ரிஜெக்ட் (மறுப்பைத் தெரிவித்துத் தடுப்பது), வெளியே போகும் யுடிபிக்கு டிராப் என்று தனி விதிகள் கட்டாயம் வேண்டும்.

ஒரு அனுமதி விதியை அருகில் பார்ப்போம். சம்பள சர்வர் மசேநி (மத்திய சேம நிதி) தளத்தை அடைய வேண்டும். டிஎல்எஸ் எஸ்என்ஐயில் (இணைப்பின் தொடக்கத்தில் சொல்லப்படும் தளப் பெயரில்) சிபிஎஃப்.ஜிஓவி.எஸ்ஜி என்ற பெயர் இருந்தால் பாஸ் என்று மட்டும் எழுதினால், அந்தப் பெயரை முன்னால் ஒட்டிக்கொண்டு வேறு முடிவோடு வரும் போலித் தளமும் உள்ளே நுழையும். டாட்பிரிஃபிக்ஸ் (ஒப்பிடும் பெயருக்கு முன் புள்ளி வைப்பது) சேர்த்து, பெயரைப் புள்ளியோடு தொடங்கி, எண்ட்ஸ்வித் (பெயர் இதோடு முடிய வேண்டும் என்பது) போட்டு முடியுங்கள். அதே நிபந்தனையோடு ஒரு அலர்ட் விதியை அதற்கு மேலே வையுங்கள், ஏனென்றால் பாஸ் மட்டும் இருந்தால் அலர்ட் பதிவில் எதுவும் வராது. ஒவ்வொரு விதிக்கும் வேறு வேறு எஸ்ஐடி எண் (விதியின் அடையாள எண்).

தரவுத்தளத்துக்கு 10.20.0.0/16இலிருந்து தரவுத்தளத்தின் 5432 போர்ட் மட்டும் பாஸ். அந்த இரண்டு விபிசிகளுக்கு நடுவே மற்றதெல்லாம் ரிஜெக்ட். இந்த இரண்டையும் முந்தைய பொதுவான ரிஜெக்டுக்கு மேலே வையுங்கள்.

இனி மிக ஆபத்தான ஒன்று. உங்கள் உள் நெட்வொர்க் எது என்று விதிகளுக்குச் சொல்லும் ஹோம்நெட் மாறியின் இயல்பு மதிப்பு, ஃபயர்வால் இருக்கும் விபிசியின் முகவரி, அதாவது 10.100.0.0/16. அப்படியே விட்டால் ஹோம்நெட்டை வைத்து எழுதிய விதி எதுவும் உங்கள் சர்வர்களைத் தொடாது. பிழைச் செய்தியும் வராது. 10.20.0.0/16, 10.30.0.0/16 இரண்டையும் கைப்பட எழுதுங்கள்.

இரண்டு எல்லைகளையும் தெரிந்து வைத்திருங்கள். எஸ்என்ஐ என்பது அனுப்புகிறவர் சொல்லும் பெயர்தான். அந்தப் பெயருக்கும் ஐபி முகவரிக்கும் தொடர்பு உண்டா என்று ஃபயர்வால் பார்ப்பதில்லை. விபிசியின் சொந்த டிஎன்எஸ் ரிசால்வருக்குப் (தளப் பெயரை முகவரியாக்கும் சேவை) போகும் கேள்விகள் ஃபயர்வால் வழியே வராது. அதற்கு ரூட் 53 டிஎன்எஸ் ஃபயர்வால் தனியாக வேண்டும்.

அமலுக்குக் கொண்டுவருதல்

முதலில் வெறும் அலர்ட்டோடு ஓட விடுங்கள். ஒரு வாரம் போதாது. மாதக் கடைசிச் சம்பளமும், மறுமாதம் 14ஆம் தேதிவரை நீளும் மசேநிச் சந்தாச் செலுத்துதலும் அந்தக் காலத்துக்குள் வர வேண்டும். மாதம் ஒருமுறை மட்டும் பேசும் முகவரிகள் அப்போதுதான் தலைகாட்டும். பதிவுகள் யுடிசி நேரத்தில் இருக்கும், சிங்கப்பூர் நேரத்துக்கு 8 மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்: காலை 9 மணிப் பிரச்சினையை 01:00இல் தேடுங்கள். ரூட் மாற்றத்தை இரவில் செய்யுங்கள்; நடுவழியில் ஃபயர்வாலுக்கு வரும் பழைய தரவுத்தள இணைப்புகள் இயல்பாகவே வெட்டப்படும், செயலியை மறுதொடக்கம் செய்ய வேண்டிவரும்.

நிதி நிறுவனமாக இருந்தால், சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் 2021 தொழில்நுட்ப இடர் வழிகாட்டி விதிகளை முறையாக மறுஆய்வு செய்து, பழையவற்றை நீக்கச் சொல்கிறது. ஒவ்வொரு விதியின் குறிப்பிலும் யார் கேட்டது, எதற்கு, எதுவரை என்று எழுதி வைத்தால் அந்த ஆய்வு விரைவில் முடியும்.

கடைசியாக, சம்பள சர்வரிலிருந்து அனுமதியில்லாத ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள்; தரவுத்தளத்தின் 22ஆம் போர்ட்டையும் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைவதற்கானது) தட்டிப் பாருங்கள். இரண்டும் மறுக்கப்பட்டு, இரண்டுக்கும் அலர்ட் பதிவு வர வேண்டும். மறுக்கப்பட்டும் பதிவில் ஒன்றும் இல்லையென்றால் தடுத்தது ஃபயர்வால் அல்ல, சர்வருக்கே உரிய வடிகட்டியான செக்யூரிட்டி குரூப்போ ரூட் டேபிளோதான். அங்கே போய்த் தேடுங்கள்.