விடைத்தாள் நகல் கேட்டு எழுதுவோர் கவனத்திற்கு

மாநிலப் பல்கலைக்கழகத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் விண்ணப்பிக்கும்போது, ‘எனக்கு ஏன் மதிப்பெண் குறைந்தது’ என்று காரணம் கேட்காமல், பதிவு எண், தாள் குறியீடு, தேர்வு நடந்த மாதம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ‘திருத்தப்பட்ட என் விடைத்தாளின் நகல்’ என ஆவணத்தையே கேட்க வேண்டும். தேர்வர் தம் விடைத்தாளைப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்துள்ளது. திருத்தியவர் யார் என்பது மட்டும் மறைக்கப்படும். குறிப்பிட்ட காலத்துக்குப் பின் விடைத்தாள்கள் அழிக்கப்பட்டுவிடும் என்பதால், தேர்வு முடிவு வந்த கையோடு எழுதிவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவுத் தபாலில் அனுப்பலாம் (ரசீதைத் தொலைத்துவிட வேண்டாம்). 30 நாள்களில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாள்களுக்குள் அதே பல்கலைக்கழகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும்.