இட்லிக் கொப்பரையும் 2,260-ம்: நீராவிக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாண வீடு. காலைப் பலகாரத்துக்கு இட்லிக் கொப்பரை அடுப்பில் ஏறுகிறது. உள்ளே 20 லிட்டர் தண்ணீர், 30 டிகிரி. ஆவி கிளம்ப எவ்வளவு வெப்பம் வேண்டும்?

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் 20 × 4.2 × 70 என்று போட்டு (ஒரு கிலோ நீர் ஒரு டிகிரி ஏற 4.2 கிலோஜூல்), 5,880 கிலோஜூல் என்று பேனாவை மூடிவிடுவார்கள். அது கொதிநிலை வரைக்கும்தான். அதன்பின் வெப்பமானி 100-ஐ விட்டு நகராது, அடுப்போ எரிந்துகொண்டே இருக்கும். அந்த வெப்பம்தான் நீரை ஆவியாக்குகிறது: கிலோவுக்கு 2,260 கிலோஜூல், அதாவது உள்ளுறை வெப்பம். 1760-களிலேயே ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜோசப் பிளாக் கண்டு சொன்ன விஷயம்.

இதைச் சொல்லிக்கொடுத்ததும் அடுத்த தவறு வரும். என் கணக்கில் இதுதான் பெரியது. 20-ஐயும் 2,260-ஆல் பெருக்கி, மொத்தம் 51,080 என்பார்கள். அத்தனை நீரும் ஆவியானால் ஏனம் கருகிப்போகாதா? அவித்து இறக்கும்போது 17 லிட்டர் மிச்சம் இருந்தால், ஆவியானது 3 கிலோதான். அப்படியானால் 5,880 + 6,780 = 12,660. நாலில் ஒரு பங்கு! சூடாக்குவதற்கு முழு நிறை, ஆவியாக்குவதற்கு ஆவியான நிறை மட்டும். (மூடியில் பட்டுத் திரும்பச் சொட்டும் நீர் இந்தக் கணக்கில் சிக்காது, அதை மறுபடி ஆவியாக்கவும் வெப்பம் செலவாகும்.) நடுவில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால், அதற்கு 30 டிகிரியிலிருந்து தனிக் கணக்கு.

அலகில் சறுக்குவது தனி ரகம். ஒரு கிலோ நீர் ஒரு டிகிரி ஏற கிலோகலோரியில் 1, ஆவியாக 540; கிலோஜூலில் அவையே 4.2, 2,260. ஒரே கணக்கில் 4.2-ஐயும் 540-ஐயும் சேர்த்தால் விடை விளங்காது. கெல்வினுக்கு மாற்றுவதாக வெப்பநிலை வேறுபாட்டோடு 273-ஐக் கூட்டுவதும் வேண்டாத வேலை. 70 டிகிரி உயர்வு கெல்வினிலும் 70-தான். ஆவியை 100-க்கு மேல் சூடேற்றினால் 4.2 செல்லாது, சுமார் 2 போடவேண்டும்.

ஏனத்தை விட்டுவிட்டால் பெரிய பிழை வராது. பத்துக் கிலோ செம்புக் கொப்பரை 70 டிகிரி ஏற 270 கிலோஜூல்தான். அடுப்பில் வீணாகும் வெப்பத்தை விட்டுவிடக்கூடாது. கேஸ் ஒரு கிலோ எரிந்தால் சுமார் 46,000 கிலோஜூல். அதில் பாதி காற்றோடு போகிறது என்று வைத்தால், நம் 12,660-க்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேலே கேஸ் பிடிக்கும்.