புதுத் தகரத்தில் கறள் ஏற்றிய கதை

மாங்குளத்தில் மச்சானின் தேநீர்க்கடை முகப்பில் உக்கிப்போன இரண்டு தகரங்களை மாற்றினோம். பழசெல்லாம் கறள் நிறம். புதுசு ஏ9 வீதியில் போகிறவர்களின் கண்ணைக் கூசவைத்தது.

முதலில் மண்ணிறப் பெயின்ற் அடித்தேன். நாடகமேடைத் தட்டி மாதிரி இருந்தது, சுரண்டிவிட்டேன். உப்புத் தண்ணீரும் தெளித்துப் பார்த்தேன், கறள் வரவில்லை. மேலே நாகப் பூச்சு (துத்தநாகம்) இருக்கும்வரை இரும்பு கறள் பிடிக்காதே!

சரி என்று சாண்ட் பேப்பரால் உரசி, வினாகிரியில் நனைத்த சாக்கை இரவு முழுக்கப் போர்த்திவைத்தேன். நுண்ணிய குமிழிகள் கிளம்பின. அது ஹைட்ரஜன், வெளியில் வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் பீடியும் வேண்டாம். விடிய மங்கிய சாம்பல் நிறம். கழுவிக் காயவைத்தேன்.

அப்புறம் மருந்துக்கடையில் வாங்கிய 3% ஹைட்ரஜன் பெரொக்சைட் அரை லீற்றர், வினாகிரி 60 மில்லிலீற்றர், அரை மேசைக்கரண்டி உப்பு. கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு வெயிலில் தெளித்தேன். சில நிமிடத்திலேயே செம்மஞ்சள் பூத்து ஓடியது. நாகம் மிஞ்சிய இடங்கள் சாம்பலாகவே நின்றன. அதுதான் அசல் பழசு போலக் காட்டியது. மிச்சக் கலவையைப் போத்தலில் மூடிவைக்காதீர்கள், வெடிக்கும்.

பார்த்துக்கொண்டிருந்த மாமி கேட்டார்: "எங்கட கோழிக்கூட்டுத் தகரத்தைக் கழட்டித் தந்திருப்பனே, தம்பி?"